பார்க்கலாமா, அம்மா?

மேலை நாடுகளில் வைத்தியம் பயிலும் மாணவர்க்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. படிப்பு முடியுந் தறுவாயில், சில கிழமைகளைத் தாம் விரும்பிய ஒரு தேசத்தில், தாம் விரும்பிய ஒரு வைத்தியசாலையில் அவர்கள் கழிக்கலாம். ‘எலெக்டிவ்’ என்று அதனைச் சொல்வார்கள். விருப்பப் பயிற்சி என்று நாம் சொல்லலாம். ஆபிரிக்காவுக்குச் செல்வோர் உளர். இந்தியாவுக்குச் செல்வோர் உளர். நமது நாட்டை நாடி வருவோரும் உளர். அப்படி வருவோரிற் சிலர் களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்கின்றனர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் வைத்திய மாணவர்கள் பயிலும் இடமும் அதுவே.

பயிற்சி முடிந்தவுடன் ஒரு கிழமையோ, பத்து நாளோ ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இம்மாணவர்கள் விமானம் ஏறுவார்கள். இதைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் ஒருநாள் வாதம் எழுந்தது. நண்பர் ஒருவர் கடுமையாகவே பேசினார். “முதலில் நோயாளியைப் பார்க்கிறார்கள். பிறகு யானையைப் பார்க்கிறார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒரே காட்சிதான். வைத்தியசாலை என்பது சுற்றுலாவுக்கு ஒரு சாட்டு,” என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பணக்கார நாடுகளின் வைத்தியக் கல்லூரிகளிலேயே இந்தக் கேள்வியை எழுப்புவோர் இருக்கிறார்கள். ஆயினும் அந்த வாதத்துக்கு விடையாக எனக்குக் கிடைத்தது ஒரு பத்து நாட் பிரயாணம். அதையே இங்கே எழுதுகிறேன்.

என் தமக்கையின் மகள் லண்டனில் பிறந்து அங்கேயே வைத்தியம் பயில்பவள். ஓராண்டு சித்திரை விடுமுறைக்குச் சற்று முன்பாக, ஆறு கிழமைப் பயிற்சிக்காக அவள் களுபோவிலவுக்கு வந்தாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். காலையில் காலி வீதியிற் பஸ் ஏறித் தெஹிவளையில் இறங்கி, அங்கிருந்து உள்ளே செல்வாள். மாலையில் களைத்துத் திரும்புவாள். இராச் சாப்பாட்டின்போது அன்று கற்றதைச் சொல்லுவாள். ஆனால் எந்த நோயாளியின் பெயரையும் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

முதல் நாளே அவள் மனப்பாடம் செய்த பாடம் மருந்தைப் பற்றியதன்று, ஒரு வாக்கியம். “நான் ஒரு மாணவி. உங்களைப் பார்க்கலாமா, அம்மா?” கட்டிலருகே போகுமுன் தன்னை இன்னார் என்று அறிவித்து, உத்தரவு பெற்ற பின்பே தொடவேண்டும் என்பது வைத்தியத் தொழிலின் பொது விதி. லண்டனில் ஆங்கிலத்தில் ஆயிரம் முறை சொன்ன வாக்கியம்தான். இங்கே அதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லவேண்டி வந்தது. வீட்டில் என் மனைவியை நோயாளியாக நாற்காலியில் இருத்தி இரு மொழியிலும் அவள் ஒத்திகை பார்த்தது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

இரண்டாங் கிழமையில் ஒருநாள் அவள் முகம் வாடி வந்தாள். வயோதிபத் தாயார் ஒருவரிடம் அவ்வாறு கேட்டபோது, “வேண்டாம் பிள்ளை, இன்றைக்கு ஏற்கெனவே நாலு பேர் வந்து பார்த்துவிட்டார்கள்,” என்றாராம். அவள் வணக்கஞ் சொல்லி விலகிவிட்டாள். “கோபமாகச் சொல்லேல்லை, மாமா. களைச்சுப் போய்ச் சொன்னவ. பார்க்கப்படுறதிலயும் ஒரு களைப்பு இருக்குது எண்டு எனக்கு இதுவரை தெரியாது,” என்றாள். இந்த மறுப்பு அவள் நெஞ்சில் ஆழமாய்ப் பதிந்துவிட்டது என்பதைப் பின்னர்தான் நான் கண்டுகொண்டேன்.

இன்னொரு நாள் அவள் என் புத்தக அலுமாரியைப் பார்த்துச் சிரித்தாள். நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். “மாமா, எங்களுக்கும் முதற் பாடம் உங்கட பாடந்தான். நோயாளியிட்ட முதல் வரலாறு கேட்கவேணும். எப்ப தொடங்கினது, என்ன சாப்பிட்டனீங்கள், என்ன தொழில், வீட்டில ஆர் ஆர் எண்டு கேட்டபிறகுதான் கை வைக்கலாம்,” என்றாள். திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயை மாத்திரமன்றி நோயாளியையும் காலத்தையும் எண்ணிப் பார்க்கும்படி வைத்தியனுக்குச் சொல்கிறது என்று நான் எடுத்துக் கூறினேன். அவள் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

பயிற்சி முடிந்தது. பத்து நாட்கள் கையில் இருந்தன. அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது: சிகிரியா, எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம், யாலவிற் சிறுத்தை, மிரிசைக் கடலில் திமிங்கிலம். லண்டனிலிருந்து என் தமக்கை தொலைபேசியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “யாழ்ப்பாணம் போகாமல் வந்தாயெண்டால் நீ இலங்கைக்குப் போனதாகவே கணக்கில்லை.” எனக்கும் விடுமுறை தொடங்கியிருந்தது. மலைநாடு, பழைய இராசதானிகள், யாழ்ப்பாணம் என்று வழி வகுத்தோம். சிறுத்தையும் திமிங்கிலமும் அடுத்த வரவுக்கு ஒதுங்கின.

புறப்படுவதற்கு முதல் நாள் கொழும்பைப் பார்ப்பதென்று ஏற்பாடு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிற் கருங்கற் றூண்களிடையே நின்று வணங்கினோம். அருகே உள்ள அந்தோனியார் ஆலயத்துக்கும் சென்று, 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி குண்டு வெடிப்பில் மாண்டோரை நினைந்து சிறிது நேரம் நின்றோம். பின்பு கொட்டாஞ்சேனையில் ஓர் உறவினர் வீட்டிற் பகற் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் மருமகள் மொட்டைமாடிக்கு ஏறினாள். துறைமுகத்தைப் பார்க்கப் போகிறாள் என்று எண்ணினோம். அவளோ பூச்சாடிகளின் கீழ்த் தட்டுகளையும், மூடியில்லாத ஒரு வாளியையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்டில் அவள் நாள்தோறும் கண்ட டெங்குக் காய்ச்சலின் நுளம்பு சாக்கடையிற் பிறப்பதன்று. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரிற் பிறப்பது. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் அக்காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவு உண்டு. “கட்டிலில கண்ட நோயின்ர வரலாறு இங்க மாடியில இருக்குது,” என்றாள். வீட்டுக்கார அம்மாள் அன்றே தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாட் காலை கோட்டையிற் புகையிரதம் ஏறி ஹட்டனை அடைந்தோம். மேகம் விலகியபோது 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் முடி தெரிந்தது. நாற்புறமும் தேயிலைப் பசுமை. இந்தப் பசுமையைப் படம் பிடிக்கவே உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். ஆனால் இது ஒரு நோயின் விளைவு என்பதை அவர்களிற் பலர் அறியார். இம்மலைகளில் முன்பு விளைந்தது கோப்பி. 1869 இல் கோப்பி இலையில் ஒருவகைப் பங்கசு நோய் தோன்றிச் சில ஆண்டுகளுள் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துறவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மடிந்த நிலமெல்லாம் பின்னர் தேயிலையாயிற்று. இதைச் சொன்னபோது வைத்திய மாணவியின் கண்கள் விரிந்தன.

மனிதரின் வரலாறும் அம்மலையில் உண்டு. கோப்பிக் காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். பிற்காலத்தில் இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமிற் பலரைத் தடுத்து வைத்து, வைத்தியப் பரிசோதனை செய்த பின்பே கப்பலேற்றினர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியாரை நாடற்றோராக்கியது. அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது.

ஒரு வளைவிற் சுற்றுலா வண்டி ஒன்று நின்றது. இறங்கியவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களை நோக்கிக் கைத்தொலைபேசிகளை உயர்த்தினார்கள், படம் பிடித்தார்கள், ஏறிப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போன பின்பு என் மருமகள் வீதியோரத்தில் நின்று, நிரையின் ஓரத்தில் இருந்த மூதாட்டியிடம் அதே வாக்கியத்தைச் சற்று மாற்றிச் சொன்னாள்: “நான் ஒரு மாணவி. நீங்கள் வேலை செய்யிறதைப் பார்க்கலாமா, அம்மா?” அந்த அம்மாள் கூடையைத் தளர்த்தி நிமிர்ந்து பார்த்தார். “பாருங்க தாயி. போட்டோ வேணும்னாலும் எடுத்துக்கங்க. லயத்துப் பக்கம் மட்டும் எடுக்காதீங்க,” என்றார்.

அவள் படம் எடுக்கவில்லை. அவர்கள் பேசினார்கள். அந்த அம்மாளின் பாட்டி நடந்து வந்த கதை, முழங்கால் வலி, கொழும்பிற் கடையில் வேலை செய்யும் பேரன் எல்லாம் பத்து நிமிடத்துள் வெளிவந்தன. “கொழும்புல ஆசுபத்திரியிலயா இருக்கீங்க? நம்ம பிள்ளைங்க வந்தா நல்லபடியா பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் கொழுந்தின்மேற் குனிந்தார். லயத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்ற அந்தச் சொல்லில் இருந்த மானம் எங்கள் இருவரையும் நெடுநேரம் மௌனமாக்கியது.

கண்டி வழியாகச் சிகிரியாவை அடைந்தோம். ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் அமைத்த மலைக் கோட்டை அது. குகைச் சுவரில் தீட்டிய பெண்களைப் படம் பிடிக்க அங்கே தடை உண்டு. காவலர் நின்று பார்க்கின்றனர். வண்ணம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. கீழே இறங்கியபின் மருமகள் சொன்னாள்: “சுவரில இருக்கிற பெண்ணுக்குக் காவல் இருக்குது, மாமா. மலையில நிக்கிற பெண்ணுக்கு ஒருத்தரும் இல்லை.” நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பொலன்னறுவையிற் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரத்தை வணங்கிவிட்டு, 12 ஆம் நூற்றாண்டில் மகா பராக்கிரமபாகு கட்டிய ஆளாகன பிரிவேனாவின் இடிபாடுகளுக்குச் சென்றோம். அங்கே ஒரு வைத்தியசாலை இருந்தது. அகழ்ந்தபோது கிடைத்த சத்திரசிகிச்சைக் கருவிகளை அங்குள்ள நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பேழையின்முன் அவள் நின்ற நேரத்தில், எங்களைத் தாண்டி மூன்று கூட்டங்கள் வந்து போயின.

மிகிந்தலை அடிவாரத்தில் உள்ள வைத்தியசாலை இன்னும் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாஞ் சேனன் காலத்தது. முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகளின் அடித்தளங்கள். வெளிப்புறத்தில் ஒரே கல்லிற் குடைந்த மருந்துத் தொட்டி. அத்தொட்டியின் குடைவு ஒரு மனித வடிவம்: தலைக்கு ஓரிடம், தோளுக்கு ஓரிடம், கால்களுக்கு ஓரிடம். நோயாளியைக் கிடத்தி மருந்து எண்ணெயிலோ மூலிகை நீரிலோ ஊறவைத்தார்கள். உடம்பின் அளவுக்கே குடைந்திருப்பதால் மருந்து வீணாகாது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். “இதைச் செய்தவர் ஆரோ ஒரு நோயாளியின்ர உடம்பை அளந்து பார்த்திருக்க வேணும். அவரும் முதல் கேட்டிருப்பார், என்ன மாமா?” என்றாள் அவள்.

மிகிந்தலையிலிருந்து வடக்கே செல்லும் வழியில் அவளுக்குக் காட்டுவதற்கு நான் வைத்திருந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். அது மலேரியா இல்லாமை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவில் மாண்டனர். பின்னர் வந்த நுளம்பு ஒழிப்பால் 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்த சில ஆண்டுகளுள் அது பெருக்கெடுத்து மீண்டது. திரும்பவும் பல்லாண்டு உழைத்து, 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றோம். இரவில் ஊர் ஊராய்ச் சென்று நுளம்பு பிடித்தவர்களுக்கும், இரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கும் எந்தச் சந்தியிலும் சிலை இல்லை. அந்தக் காட்டு வழியில் அச்சமின்றி ஜன்னலைத் திறந்துவைத்துப் போவதே அவர்களின் சிலை.

ஆனால் அதே வீதியோரத்திற் சுத்திகரித்த குடிநீர் விற்கும் சிறு நிலையங்கள் அடிக்கடி தென்பட்டன. அவை ஏன் என்று அவள் கேட்டாள். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை வாட்டிவரும் சிறுநீரக நோயைப் பற்றிச் சொன்னேன். நீரா, வெயிலிற் பாடுபடுவதா, பயிர்க்கு இடும் இரசாயனமா என்று ஆராய்ச்சியாளர் இன்னமும் வாதிடும் நோய் அது. ஒரு நோய் போன வழியில் இன்னொரு நோய் வந்து குந்தியிருப்பதை ஜன்னலூடே பார்த்தவாறு அவள் மதவாச்சி வரை பேசாமல் வந்தாள்.

யாழ்ப்பாணத்தில் முதலிற் போனது மானிப்பாய்க்கு. 1847 இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அடுத்த ஆண்டிலேயே வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். வந்தவர் தமிழைக் கற்றார். பின்பு தமிழிலேயே மேலை வைத்தியத்தைப் போதித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவர் கையில் உருவாகினர். 1873 இல் ஊர் திரும்பி 1884 இற் காலமானார். “என்னைவிட ஒண்டு ரண்டு வயதுதான் கூட, மாமா. நான் ஆறு கிழமையில ரண்டு மொழியில ஒரு வசனம் படிச்சன். அவர் ஒரு மொழிக்குள்ள ஒரு வைத்தியத்தையே கொண்டுவந்திட்டார்,” என்று அவள் வியந்தாள்.

அடுத்த நாள் எங்கள் பழைய வீட்டுக்குப் போனோம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, என் தமக்கையும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறிய வீடு அது. பின்னர் அதனை விற்றோம். இன்று வேறு குடும்பம் வாழ்கிறது. “எங்கட வீடுதானே, நேரே உள்ளுக்குப் போ,” என்று தாய் தொலைபேசியிற் சொல்லியிருந்தாள். மகளோ படலையைத் தொடாமல் வெளியே நின்றாள். முற்றங் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிர்ந்தார். “நான் ஒரு மாணவி. இது என்ர அம்மா பிறந்த வீடு. பார்க்கலாமா, அம்மா?” என்றாள்.

அந்த அம்மையார் விளக்குமாற்றைச் சுவரிற் சாத்திவிட்டு வந்து படலையைத் திறந்தார். கிணற்றடிக்கு அழைத்துச் சென்று தாமே நீர் அள்ளிக் கொடுத்தார். அவருடைய வரலாற்றையும் மருமகள் கேட்டாள். அவரும் ஓர் ஊரை விட்டு வந்தவரே. தம் காணிக்கு இன்னும் போக முடியாதவர். இருவரும் கிணற்றுக் கட்டில் இருந்து பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வீடு எங்களுடையது, அவர்களுடையது என்ற கணக்கு என் மனத்தில் இல்லாமற் போயிற்று.

ஆசிரியர் அறை நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நோயாளியையும் யானையையும் ஒரே விதமாய்ப் பார்ப்பவர் இருக்கலாம். அவர் வைத்தியசாலையிலும் ஒன்றும் கற்றிலர். வாட்டிற் கற்கவேண்டியதைக் கற்றவரோ அதனை வாட்டின் வாசலிற் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. உத்தரவு கேட்டல், வரலாறு கேட்டல், வேண்டாம் என்றால் விலகுதல் ஆகிய மூன்றும் கட்டிலருகே எவ்வளவு அவசியமோ, தேயிலை மலையிலும் கோயில் வீதியிலும் பிறர் வீட்டுப் படலையிலும் அவ்வளவு அவசியம்.

நம் பிள்ளைகள் இன்று உலகெங்கும் போகிறார்கள். உலகத்துப் பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். வருவோர்க்கு எதைக் காட்டலாம் என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. மலையைக் காட்டுங்கள், குளத்தைக் காட்டுங்கள். காட்டுமுன் அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். போகும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. போகிற நாட்டின் மொழியில் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், ‘பார்க்கலாமா?’ என்ற ஒரு சொல்லை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். பெட்டியில் அதற்குப் பாரம் இல்லை.